நுரைக்கூடு கட்டும் மீன்கள்: வீட்டில் இனப்பெருக்கமும் குஞ்சு வளர்ப்பும்

நுரைக்கூடு கட்டும் மீன்கள் என்பவை நீரின் மேற்பரப்பில் காற்றுக் குமிழிகளைச் சேர்த்துக் கூடு அமைத்து, அதில் முட்டைகளை வைத்துக் காக்கும் மீன்களாகும். அலங்கார மீன் கடைகளில் ‘ஃபைட்டர்’ என்ற பெயரில் விற்கப்படும் சயாமியச் சண்டை மீனும் பலவகைக் கௌராமி மீன்களும் இவற்றுள் பரவலாக வளர்க்கப்படுபவை. இவற்றை முட்டையிடச் செய்யப் பெரிய தொட்டியோ விலையுயர்ந்த கருவிகளோ தேவையில்லை. கூடு கட்டுதல், முட்டைகளைப் பொறுக்கி வைத்தல், காவல் காத்தல் ஆகிய வேலைகளை ஆண் மீனே செய்துவிடுகிறது.

இருப்பினும் வீடுகளில் செய்யப்படும் முயற்சிகள் பல, குஞ்சுகள் பொரித்த சில நாட்களிலேயே தோல்வியில் முடிகின்றன. பெரும்பாலும் இதற்குக் காரணம் பசியே. நீந்தத் தொடங்கும் குஞ்சு ஒரு கமாக்குறி அளவே இருக்கும். கடையில் கிடைக்கும் தூள் தீவனத்தை அது பெரும்பாலும் இரையாக அறிவதில்லை. அதன் வாய்க்குள் நுழையும் அளவுள்ள, அசையும் உயிருள்ள இரை அந்த நாளில் தயாராக இருக்க வேண்டும். ஆகவே ஆண் மீனையும் பெண் மீனையும் ஒன்றுசேர்ப்பதற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன்பே, இரை வளர்ப்புடன் இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

எவை இந்த மீன்கள்?

நுரைக்கூடு கட்டும் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை லேபிரிந்த் மீன்கள் என்னும் குழுவைச் சேர்ந்தவை. இவற்றின் செவுள்களுக்கு மேலே, மடிப்புகள் நிறைந்த ஒரு துணைச் சுவாச உறுப்பு உள்ளது. இதன் உதவியால் இவை நீரின் மேற்பரப்புக்கு வந்து வெளிக்காற்றை நேரடியாகச் சுவாசிக்கின்றன. ஆக்சிசன் குறைந்த வயல் நீரிலும் குட்டைகளிலும் இவை வாழ முடிவது இதனால்தான்.

சயாமியச் சண்டை மீன் தாய்லாந்தைத் தாயகமாகக் கொண்டது. இதற்கு 1910 ஆம் ஆண்டில் பிரித்தானிய விலங்கியலாளர் சார்லஸ் டேட் ரீகன் ‘பெட்டா ஸ்பிளெண்டென்ஸ்’ என்ற அறிவியல் பெயரை வழங்கினார். 2019 இல் தாய்லாந்து அரசு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. நீலக் கௌராமியும் முத்துக் கௌராமியும் தென்கிழக்கு ஆசியாவையும், குள்ளக் கௌராமி இந்தியா, வங்காளதேசம் உள்ளிட்ட தெற்காசியப் பகுதிகளையும் சேர்ந்தவை. ஐரோப்பாவில் இக்குழு மீன்களின் தொட்டி இனப்பெருக்கம் 1869 இல் தொடங்கியது. அவ்வாண்டில் பாரிசு நகரின் பியேர் கார்போனியே, கிழக்காசியாவிலிருந்து வந்த சொர்க்க மீனைத் தொட்டியில் முட்டையிடச் செய்தார்.

தமிழ்நாட்டு நீர்நிலைகளிலும் இக்குழுவின் மீன்கள் உண்டு. ‘சூடோஸ்ஃப்ரோமீனஸ் குபானஸ்’ என்ற சிறு மீன் நுரைக்கூடு கட்டும் இயல்புடையது. 1831 இல் வெளியான இதன் முதல் விவரிப்பு புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பம் ஆற்று மீனை அடிப்படையாகக் கொண்டது. பெயரிலுள்ள ‘குபானஸ்’ அந்த ஆற்றையே குறிக்கிறது. பனையேறிக் கெண்டையும் லேபிரிந்த் மீன்தான். ஆனால் அது கூடு கட்டுவதில்லை. மிதக்கும் முட்டைகளை இட்டுவிட்டுச் சென்றுவிடும். தென் அமெரிக்காவின் கவசக் கெளுத்தி மீன்களில் சிலவும் நுரைக்கூடு கட்டுகின்றன.

நுரைக்கூடு எதற்கு?

ஆண் மீன் மேற்பரப்பில் காற்றை வாயில் வாங்கி, வாயில் சுரக்கும் பசைநீரால் அதைப் பொதிந்து, சிறு குமிழியாக வெளிவிடுகிறது. பசைநீர்ப் பூச்சு இருப்பதால் குமிழி உடனே உடைவதில்லை. நூற்றுக்கணக்கான குமிழிகள் சேர்ந்து ஒரு மிதவையாகின்றன.

தேங்கிய, வெதுவெதுப்பான நீரின் அடிப்பகுதியில் ஆக்சிசன் மிகக் குறைவு. அங்கே விழும் முட்டைகள் மூச்சுத் திணறி அழிந்துவிடும். காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேற்பரப்பில்தான் ஆக்சிசன் அதிகம். முட்டைகளை அந்த இடத்திலேயே தாங்கிப் பிடிப்பதும், அவற்றைச் சிதறவிடாமல் ஓரிடத்தில் வைத்து ஆண் மீனின் காவலை எளிதாக்குவதும் கூட்டின் பயன்கள். ஆண் மீன் தனியாக இருக்கும்போதும் கூடு கட்டுவதுண்டு. அது உடல்நலத்தையும் பருவ முதிர்ச்சியையும் காட்டலாம். பெண் மீனை ஏற்கத் தயாராகிவிட்டது என்பதற்கு அது மட்டுமே சான்றாகாது.

முதலில் இரை

சண்டை மீனின் முட்டைகள் 28 பாகை செல்சியசு வெப்பத்தில் ஒன்றரை நாள் அளவில் பொரிக்கின்றன. அதன்பின் இரண்டு மூன்று நாட்களில் குஞ்சுகள் கிடைமட்டமாக நீந்தத் தொடங்குகின்றன. அதாவது முட்டையிட்ட நாளிலிருந்து நான்கைந்து நாட்களில் இரை வேண்டும். நுண்ணுயிர் இரை வளர்ந்து முதிர ஒரு வாரம் வரை ஆகும். முட்டைகளைப் பார்த்த பிறகு இரை தயாரிக்கத் தொடங்கினால், இரை ஆயத்தமாகும் முன்பே குஞ்சுகளின் கருவுணவு தீர்ந்துவிடும். வீட்டில் தயாரிக்கக்கூடிய இரைகள் மூன்று.

இன்ஃபியூசோரியா: இது பரமேசியம் போன்ற ஒருசெல் உயிரிகளும் பிற நுண்ணுயிரிகளும் கலந்த கூட்டம். மீன் தொட்டியின் பழைய நீரை ஒரு கண்ணாடிக் குடுவையில் எடுத்து, காய்ந்த வாழை இலைத் துண்டையோ முட்டைக்கோசு இலையையோ வைக்கோலையோ சிறிதளவு போட்டு, மெல்லிய துணியால் மூடி வெளிச்சமுள்ள இடத்தில் வைக்க வேண்டும். முதலில் பாக்டீரியா பெருகுவதால் நீர் பால்போலக் கலங்கி நாறும். நுண்ணுயிரிகள் அந்தப் பாக்டீரியாவைத் தின்று பெருகும்போது நீர் மெல்லத் தெளியும். நீர் தெளிந்து, கெட்ட நாற்றம் போன பிறகே குஞ்சுகளுக்குக் கொடுக்க வேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் தூசிபோன்ற புள்ளிகள் அசைவது தெரியும்.

மைக்ரோ புழு: இது நூல்போன்ற மிகச் சிறிய உருளைப்புழு. சமைத்து ஆறவைத்த ஓட்ஸ் கூழையோ நீரில் நனைத்த ரொட்டியையோ ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பரப்பி, சிட்டிகை ஈஸ்ட் தூவி, பிறரிடம் பெற்ற சிறிதளவு தாய்ப்புழுக்களை விட வேண்டும். மூடியில் ஊசித்துளைகள் தேவை. சில நாட்களில் புழுக்கள் டப்பாவின் பக்கச் சுவரில் ஏறும். அவற்றை விரலாலோ தூரிகையாலோ வழித்தெடுத்துத் தொட்டி நீரில் கலக்கலாம். கூழைச் சேர்த்து எடுத்தால் தொட்டி நீர் கெடும்.

ஆர்ட்டீமியா: இது உப்பு நீரில் வாழும் சிறு கணுக்காலி. தூத்துக்குடி உப்பளங்களில் இது இயற்கையாகவே காணப்படுகிறது. உலர்ந்த முட்டைகள் கடைகளில் கிடைக்கின்றன. ஒரு லிட்டர் நீரில் 25 முதல் 30 கிராம் கல் உப்பைக் கரைத்து, முட்டைகளை இட்டு, ஏர் பம்பு வழியாகக் காற்றைச் செலுத்தி, விளக்கு வெளிச்சத்தில் வைத்தால் 24 முதல் 36 மணி நேரத்தில் பொரிக்கும். பம்பை நிறுத்தினால் ஓடுகள் மேலே மிதக்கும். இளம்பருவ உயிரிகள் வெளிச்சத்தை நோக்கிச் சேரும். அவற்றை மெல்லிய குழாயால் உறிஞ்சித் துணியில் வடிகட்டி, நன்னீரில் அலசிய பிறகே கொடுக்க வேண்டும். பொரித்த சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அவற்றின் உடலிலுள்ள கருவுணவின் சத்து முழுமையாகக் கிடைக்கும்.

இரண்டு வகை இரைகளையாவது ஒரே நேரத்தில் வளர்ப்பது பாதுகாப்பானது. ஒன்று கெட்டுப்போனாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

இணை மீன்களைத் தேர்ந்தெடுத்தல்

சண்டை மீனில் ஏறத்தாழ 5 மாதத்திலிருந்து ஓராண்டு வரை வயதுள்ள, துடுப்புச் சிதைவோ வெண்புள்ளியோ இல்லாத மீன்கள் ஏற்றவை. ஆண் மீன் பெண்ணைவிடச் சற்றுப் பெரியதாக இருப்பது நல்லது. அப்போதுதான் அதன் உடலைச் சுற்றி வளைக்க முடியும். இரண்டையும் தனித்தனியே வைத்து, ஒன்றிரண்டு வாரம் கொசுப்புழு, மொய்னா, ஆர்ட்டீமியா போன்ற உயிர் இரைகளைக் கொடுத்துத் தேற்ற வேண்டும். சாக்கடையில் எடுக்கும் புழுக்கள் நோயைக் கொண்டுவரக்கூடும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

முட்டை நிறைந்த பெண் மீனின் வயிறு பருத்திருக்கும். வயிற்றின் அடியில் முட்டையிடும் துளை வெண்புள்ளியாகத் தெரியும். ஆணைக் கண்டதும் உடலில் மேலிருந்து கீழாகப் பட்டைகள் தோன்றினால் அது இணைசேரத் தயார் என்று கொள்ளலாம். வெளிர் நிற மீன்களில் இப்பட்டைகள் தெளிவாகத் தெரிவதில்லை.

தொட்டி அமைப்பு

60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட தொட்டியில் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிரப்பினால் ஏறத்தாழ 27 லிட்டர் வரும். ஒரு சோடி சண்டை மீனுக்கு இது போதும். நீர் ஆழமாக இருந்தால், கீழே விழும் முட்டைகளையும் குஞ்சுகளையும் எடுத்துவர ஆண் மீன் வீணாக அலைய வேண்டியிருக்கும்.

தரையில் மணலோ கற்களோ போடக்கூடாது. முட்டைகள் இடுக்குகளில் சிக்கிக்கொள்ளும்; மீந்த இரை அழுகும். கூடு சிதையாதிருக்க நீர் அசையாமல் இருக்க வேண்டும் என்பதால் இந்தக் கட்டத்தில் வடிகட்டியை நிறுத்திவைக்க வேண்டும். பாதியாக வெட்டிய தெர்மகோல் கிண்ணத்தையோ காய்ந்த நாட்டு வாதுமை இலையையோ மிதக்கவிட்டால் அதன் அடியில் கூடு கட்டும். பெண் மீன் ஒளிந்துகொள்ள அடர்ந்த நீர்த்தாவரங்கள் கட்டாயம் வேண்டும்.

நீரின் வெப்பம் 27 முதல் 29 பாகை செல்சியசுக்குள் நிலையாக இருக்க வேண்டும். குளிர்காலத்தில் ஹீட்டர் தேவைப்படும். குளோரின் கலந்த குழாய் நீரை நேரடியாக ஊற்றக்கூடாது. அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தோ, குளோரின் நீக்கும் மருந்தைச் சேர்த்தோ பயன்படுத்த வேண்டும். தொட்டிக்கு மூடி இன்றியமையாதது.

இணை சேர்தல்

முதலில் ஆண் மீனைத் தொட்டியில் விட வேண்டும். பெண் மீனை ஒரு கண்ணாடிக் குடுவையில் இட்டு, அதே தொட்டிக்குள் ஆணின் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். ஆண் கூடு கட்டி, பெண்ணிடம் பட்டைகள் தோன்றிய பிறகு, பெரும்பாலும் மறுநாள், பெண்ணை வெளியே விடலாம். துரத்தலும் சிறு கடிகளும் இயல்பானவை. பெண்ணின் உடலில் காயம் ஏற்பட்டாலோ, இரண்டு நாட்களாகியும் முட்டையிடாவிட்டாலோ பிரித்துவிட்டு, சில வாரங்கள் கழித்து முயல வேண்டும்.

இணைசேரும்போது ஆண் மீன் கூட்டுக்கு அடியில் பெண்ணின் உடலைச் சுற்றி வளைத்து இறுக்குகிறது. சில நொடிகள் இரண்டும் மயங்கியதுபோல் அசைவற்றிருக்கும். வெளிவரும் வெண்ணிற முட்டைகள் நீரைவிடக் கனமானவை என்பதால் மெல்ல மூழ்கும். ஆண் அவற்றை வாயால் பொறுக்கிக் கூட்டில் ஒட்டவைக்கும். சில பெண் மீன்களும் இதில் உதவுவதுண்டு. இது பலமுறை, சில மணி நேரம் தொடரும். மொத்த முட்டைகள் சில நூறு இருக்கலாம். இது முடிந்ததும் ஆண், பெண்ணை விரட்டத் தொடங்கும். அப்போது பெண்ணை எடுத்துத் தனியாக ஓய்வுகொள்ள விட வேண்டும்.

முதல் முறையாக இணைசேரும் ஆண் மீன் சில நேரங்களில் முட்டைகளைத் தின்றுவிடும். கருவுறாத, பூஞ்சை பிடித்த முட்டைகளைத் தின்பது கூட்டைச் சுத்தமாக வைத்திருக்கும் இயல்பான செயல். தொட்டியைத் தட்டுதல், அடிக்கடி மூடியைத் திறத்தல், திடீர் வெளிச்சம் ஆகியவை அதைக் கலவரப்படுத்தும். இரவில் மங்கலான விளக்கு எரிந்தால், விழும் குஞ்சுகளை அதனால் கண்டுபிடிக்க முடியும்.

பொரித்தது முதல் நீந்துவது வரை

பொரித்த குஞ்சுகள் வால் கீழாகக் கூட்டில் தொங்கும். வயிற்றிலுள்ள கருவுணவே இந்நாட்களில் அவற்றின் உணவு. இப்போது வெளியிலிருந்து இரை இட்டால் நீர் மட்டுமே கெடும். கீழே விழும் குஞ்சுகளை ஆண் மீன் வாயில் எடுத்து மீண்டும் கூட்டில் விடும். பெரும்பாலான குஞ்சுகள் கூட்டை விட்டு விலகிக் கிடைமட்டமாக நீந்தத் தொடங்கியதும் ஆணை எடுத்துவிட வேண்டும். அதன் காவல் பணி முடிந்துவிட்டது. இனி குஞ்சுகளையே இரையாகக் கருதக்கூடும்.

முதல் இரண்டு வாரங்கள்

சண்டை மீன் குஞ்சுகளுக்கு முதல் ஓரிரு நாட்கள் இன்ஃபியூசோரியாவும் மைக்ரோ புழுவும், அதன்பின் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாவும் கொடுக்கலாம். நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் சிறிதளவு போதும். ஆர்ட்டீமியா நன்னீரில் சில மணி நேரத்தில் இறந்துவிடும் என்பதால் அளவு மீறினால் தொட்டியின் அடியில் அழுகும்.

குஞ்சுகள் உண்கின்றனவா என்பதை அறிய எளிய வழி, விளக்கொளியில் அவற்றின் வயிற்றைப் பார்ப்பது. ஆர்ட்டீமியா தின்ற குஞ்சின் வயிறு ஆரஞ்சு நிறமாக உருண்டிருக்கும். வயிறு ஒட்டி, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தால் அது பட்டினி கிடக்கிறது. பட்டினியால் இறக்கும் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாமலே அடியில் கரைந்துவிடுவதால், எண்ணிக்கை குறைவதைப் பலர் உணர்வதே இல்லை. நாள்தோறும் வயிற்றைக் கவனிப்பதே இதைத் தவிர்க்கும் வழி.

வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைக் கரைத்துக் கொடுப்பது பழைய வழக்கம். அது அவசரத்துக்கு உதவும். ஆனால் உண்ணப்படாத பகுதி ஒரே இரவில் நீரைக் கெடுத்துவிடும் என்பதால் அதையே நம்பியிருக்கக்கூடாது.

நீரும் மூடியும்

இரை மிகுதியாகும்போது கழிவும் மிகுதியாகி, நீரில் அம்மோனியா சேர்கிறது. குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய சில நாட்களுக்குப் பிறகு, அடியில் தேங்கும் கழிவை ஏர் பம்புக் குழாயால் மெதுவாக உறிஞ்சி எடுக்க வேண்டும். குழாயின் முனையில் மெல்லிய துணி கட்டினால் குஞ்சுகள் உள்ளே போகா. எடுத்த அளவுக்கு அதே வெப்பமுள்ள நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். ஒரே நேரத்தில் பாதி நீரை மாற்றுவது பெரும் அதிர்ச்சியாகும். ஒரு வாரம் கடந்ததும் ஸ்பாஞ்ச் ஃபில்டரை மிக மெதுவாக ஓடவிடலாம்.

பொரிக்கும்போது குஞ்சுகளுக்கு லேபிரிந்த் உறுப்பு இருப்பதில்லை. அது மூன்றாவது வாரத்திலிருந்து படிப்படியாக உருவாகிறது. குஞ்சுகள் முதன்முதலாக வெளிக்காற்றை விழுங்கும் இக்காலத்தில், நீருக்கு மேலுள்ள காற்று குளிர்ந்தும் வறண்டும் இருந்தால் திரளாக இறக்கக்கூடும். மூடியிட்டு வைத்தால் உள்ளிருக்கும் காற்று நீரைப் போலவே வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்கும்.

கௌராமிகளில் உள்ள வேறுபாடுகள்

முறை ஒன்றே என்றாலும் சில வேறுபாடுகளைக் கவனிக்க வேண்டும். நீலக் கௌராமி, முத்துக் கௌராமி, குள்ளக் கௌராமி ஆகியவற்றின் முட்டைகளில் எண்ணெய்த் துளி இருப்பதால் அவை தாமாகவே மிதக்கும். குள்ளக் கௌராமி குமிழிகளுடன் தாவரத் துணுக்குகளையும் சேர்த்துக் கூடு கட்டும் என்பதால் மிதக்கும் தாவரங்கள் அதற்குத் தேவை. கௌராமிக் குஞ்சுகள் சண்டை மீன் குஞ்சுகளைவிடச் சிறியவை. எனவே அவற்றுக்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ இன்ஃபியூசோரியா மட்டுமே பொருந்தும். நீலக் கௌராமி ஒரே முறையில் ஆயிரத்தை நெருங்கும் முட்டைகள் இடக்கூடும். அதற்கேற்பப் பெரிய தொட்டியும் மிகுதியான இரையும் வேண்டும்.

பிரித்து வளர்த்தல்

மூன்று நான்கு வாரங்களில் குஞ்சுகள் மொய்னாவையும் நுண்ணிய தீவனத்தையும் ஏற்கத் தொடங்கும். வேகமாக வளர்ந்தவை சிறியவற்றைத் தின்னாதிருக்க, அளவு வாரியாகப் பிரிக்க வேண்டும். இரண்டு மாதத்தையொட்டி சண்டை மீனின் ஆண் குஞ்சுகள் ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கும். அப்போது ஒவ்வொன்றையும் தனிக் குடுவைக்கு மாற்ற வேண்டும். பெண் குஞ்சுகளை இடம் தாராளமாக இருந்தால் ஒன்றாகவே வளர்க்கலாம்.

இங்கேதான் எண்ணிக்கை பெரிய கேள்வியாகிறது. நூறு ஆண் மீன்கள் வளர்ந்தால் நூறு குடுவைகளும், அவை ஒவ்வொன்றுக்கும் அடிக்கடி நீர் மாற்றும் உழைப்பும் தேவை. சென்னைக் கொளத்தூர் போன்ற அலங்கார மீன் வணிகப் பகுதிகளில் இதைத் தொழிலாகச் செய்பவர்கள் அதற்கான இடத்தையும் விற்பனை வழியையும் முன்கூட்டியே வைத்திருக்கிறார்கள். வீட்டில் வளர்ப்பவர், குஞ்சுகளை யார் வாங்கிக்கொள்வார்கள் என்பதை இணைசேர்க்கும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். இடம் குறைவாக இருந்தால் முட்டைகளில் ஒரு பகுதியை மட்டும் பொரிக்கவிடுவது, நூற்றுக்கணக்கான குஞ்சுகளை நெரிசலில் சாகவிடுவதைவிட மேலானது.

மீந்த மீன்களை ஏரியிலோ குளத்திலோ ஆற்றிலோ விடக்கூடாது. வெளிக்காற்றைச் சுவாசிக்கும் இம்மீன்கள் மாசுபட்ட நீரிலும் பிழைத்துப் பெருகக்கூடியவை. ஆஸ்திரேலியாவின் வடக்குப் பகுதியில் சயாமியச் சண்டை மீன் இவ்வாறு இயற்கை நீர்நிலைகளில் குடியேறிவிட்டது. அயல் மீன் பெருகினால் இரைக்கும் இடத்துக்கும் உள்ளூர் மீன்களுடன் போட்டியிடும். தொட்டி நோய்களையும் பரப்பும். அரியாங்குப்பம் ஆற்றின் பெயரைத் தாங்கிய சிறுமீன் போன்ற நம் நீர்நிலைகளின் சொந்த மீன்களே இதனால் முதலில் பாதிக்கப்படும். வளர்க்க முடியாத மீன்களை வேறு வளர்ப்பாளர்களிடமோ கடைகளிலோ ஒப்படைப்பதே முறை.